முதல் ஷாட் சரி, ஆயிரமாவது ஷாட் ஏன் சரியில்லை? லேசர் இணைவில் தொடர்ந்து சுடும்போது வரும் கோளாறுகளைப் பிடிக்கும் வழிமுறை

2022 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் என்.ஐ.எஃப் (நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டி) என்ற லேசர் இணைவு மையத்தில் 192 லேசர் கற்றைகள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. கடுகளவு எரிபொருள் உருண்டையைச் சுற்றியிருந்த உலோகக் கூட்டுக்குள் 2.05 மெகாஜூல் ஒளி போனது, உருண்டையிலிருந்த ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் வெளியே வந்தது. அதன் பிறகு லேசர் ஒளியைப் பெருக்கும் கண்ணாடித் தகடுகள் (பெருக்கி) ஆறுவதற்கே மணிக்கணக்காகும். அந்த மையத்தில் ஆண்டுக்குச் சுமார் 400 ஷாட்டுகள்தான் நடக்கும். மின் நிலையத்துக்கோ நொடிக்குப் பத்து ஷாட் வேண்டும். ஒரு நாளைக்கு 8,64,000.

இந்த இடைவெளியில் வரும் கோளாறுகளைத்தான் இங்கே அறிகுறி வாரியாகப் பார்க்கப் போகிறோம். சோதனை மேசையில் 10 ஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்துத் துடிப்பு) லேசர் வைத்திருப்பவருக்கும், முழு நிலையத்தைக் காகிதத்தில் வடிவமைப்பவருக்கும் இது பொருந்தும். என் அனுபவத்தில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: தொடர்ந்து சுடும்போது ஒவ்வொரு ஷாட்டும் முந்தைய ஷாட் விட்டுப்போன மிச்சத்துக்குள்தான் நடக்கிறது. வெப்பம், ஆவி, தூசு, கண்ணாடியில் ஒரு குழி என்று அந்த மிச்சம் எதுவாகவும் இருக்கலாம். எது மிச்சம், அது எவ்வளவு நேரத்தில் வடியும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எதையும் கழற்றுவதற்கு முன்

முதலில் வேகத்தை மட்டும் நொடிக்கு 10-லிருந்து 1-க்குக் குறையுங்கள். ஒரு ஷாட்டின் ஆற்றலைத் தொடாதீர்கள். கோளாறு மறைந்தால், ஷாட்டுகளுக்கு நடுவே வடியாமல் நிற்கும் ஏதோ ஒன்றுதான் காரணம். பெரும்பாலும் வெப்பம் அல்லது வாயு. வேகத்தைக் குறைத்த பிறகும் அதே எண்ணிக்கை ஷாட் முடிந்ததும் அதே கோளாறு வந்தால், அது சேர்ந்துகொண்டே போகும் சேதம். முதல் ஷாட்டிலேயே இருந்தால் அது தொடர் சுடுதலின் கோளாறே அல்ல. கற்றையைச் சீரமைத்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

அப்புறம் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி முழு வேகத்தில் தொடங்குங்கள். பழையபடி நன்றாக ஓடிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் கெட்டால், அந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். சில நொடி என்றால் பெருக்கியின் தகடுகளைப் பாருங்கள். சில நிமிடம் என்றால் கண்ணாடிகளைப் பிடித்திருக்கும் சட்டங்களைப் பாருங்கள். மணிக்கணக்கு என்றால் கட்டடமே சூடாகி நகர்கிறது. இந்த ஓர் எண்ணைக் குறிக்காமல் நேராகப் பெருக்கியைத் திறந்து, நாள்கணக்கில் நேரத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ஆற்றல் குறையவில்லை, ஆனால் குவியம் விரிந்துவிட்டது

ஆற்றல் மானி சரியான எண்ணைக் காட்டும். இலக்கு (எரிபொருள் உருண்டை) இருக்கும் இடத்தில் மட்டும் புள்ளி மங்கி அகலமாகும். இதுதான் வெப்ப லென்ஸ்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பலவீனமான சிவப்பு லேசரைப் பெருக்கித் தகடுகள் வழியாக அனுப்பி, தூரத்தில் ஒரு வெள்ளைத் தாளில் விழ வையுங்கள். பம்ப், அதாவது தகடுகளுக்கு ஆற்றல் ஏற்றும் ஒளி, அணைந்திருக்கும்போது புள்ளி சின்னதாக, கூர்மையாக நிற்கும். பம்ப்பைப் போட்டதும் முதல் சில நொடிகளில் அந்தப் புள்ளி மெல்ல ஊதும். ஓரத்தில் ஒரு மங்கலான வளையம் வரும். தகட்டின் நடுப்பகுதி ஓரத்தைவிடச் சூடாகி, அங்கே ஒளிவிலகல் எண் மாறிவிட்டது. யாரும் வைக்காத ஒரு லென்ஸ் தகட்டுக்குள் உருவாகியிருக்கிறது. அதோடு, சூடான பகுதி விரிய முயல, குளிர்ந்த ஓரம் அதைப் பிடித்து நிறுத்த, அந்த இறுக்கத்தால் ஒளியின் முனைவாக்கமும் இடத்துக்கு இடம் திரும்பிப்போகும்.

இதற்கு மூன்று இடத்தில் மருந்து உண்டு. முதலாவது, வெப்பத்தை உள்ளே விடாமல் இருப்பது. ஃப்ளாஷ் விளக்கு எல்லா நிறத்திலும் ஒளியைக் கொட்டும். கண்ணாடிக்கு அதில் பயன்படுவது கொஞ்சம்தான், மிச்சம் சூடாகிவிடும். டயோடு லேசர் வேண்டிய நிறத்தை மட்டும் கொடுக்கும். இட்டெர்பியம் கலந்த யாக் படிகத்தை 940 நானோமீட்டரில் பம்ப் செய்து 1030 நானோமீட்டரில் ஒளியை எடுத்தால், இந்த நிற வித்தியாசத்தால் வீணாவது 9 சதவீதத்துக்கும் குறைவு.

இரண்டாவது, வெப்பத்தைச் சரியான திசையில் வெளியேற்றுவது. ஒரு தடித்த கட்டையை ஓரத்தில் குளிர்வித்தால், வெப்பம் கற்றைக்குக் குறுக்கே ஓடும். லென்ஸ் பிறப்பதே அப்படித்தான். அதையே மெல்லிய தகடுகளாக அறுத்து, நடுவில் ஹீலியம் வாயுவை வேகமாக ஓட விட்டால், வெப்பம் கற்றை போகும் திசையிலேயே வெளியேறும். குறுக்கே வித்தியாசம் குறையும். லிவர்மோரின் மெர்குரி லேசர் இந்த முறையில்தான் 10 ஹெர்ட்ஸ் வேகத்தில் 50 ஜூலுக்கு மேல் கொடுத்தது. பிரிட்டனின் ரூதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகம் ஹீலியத்தையே 150 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்து அனுப்பியது. அவர்கள் கட்டி, செக் நாட்டின் ஹைலேஸ் மையத்தில் நிறுவிய லேசர் 2016 இறுதியில் நொடிக்குப் பத்து முறை 100 ஜூல் என்ற அளவைத் தொட்டது. 2 மெகாஜூல் வேண்டுமென்றால் அப்படி 20,000 லேசர்கள் தேவை. ஒரு கற்றையின் ஆற்றலை இன்னும் பல மடங்கு ஏற்ற வேண்டியிருப்பது இதனால்தான்.

மூன்றாவது, வளையும் எதிரொளிப்புக் கண்ணாடியால் மீதிப் பிழையைத் திருத்துவது. இதைக் கடைசியில் செய்யுங்கள். நிலையாக இருக்கும் பிழையை அது நன்றாகத் திருத்தும். வாயு ஓட்டத்தில் கொந்தளிப்பு இருந்து புள்ளி துடித்தால், அந்தத் துடிப்பின் பின்னால் அது ஓட முடியாது. அப்போது குளிர்விக்கும் வாயுவின் வேகத்தையும் அழுத்தத்தையும்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: அகச்சிவப்பு ஆற்றல் சரி, புற ஊதா குறைகிறது

அகச்சிவப்பு ஒளியைப் புற ஊதாவாக மாற்றும் படிகங்கள் சூடாகின்றன. கே.டி.பி (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) போன்ற படிகத்தில் நிறமாற்றம் நடக்க கோணமும் வெப்பநிலையும் மிகச் சரியாக இருக்க வேண்டும். படிகம் அகச்சிவப்பைக் கொஞ்சம் உறிஞ்சினாலே நடுப்பகுதியும் ஓரமும் வேறு வேறு வெப்பநிலைக்குப் போய்விடும். கோணத்தைத் திருப்பிச் சரிசெய்யப் பார்த்தால் நடு சரியாகும், ஓரம் கெடும். படிகத்தை மெல்லிய தகடுகளாக்கிக் குளிர்விப்பது, குறைவாக உறிஞ்சும் டியூட்டீரியம் ஏற்றிய வகைக்கு மாறுவது, இந்த இரண்டும்தான் வழி.

அகச்சிவப்பே மெதுவாகக் குறைந்தால் டயோடுகளின் நிறம் நகர்ந்திருக்கும். ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். குளிர்நீரின் வெப்பநிலையை முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தும் நகர்ந்தால் டயோடுகள் முதுமை அடைகின்றன. 10 ஹெர்ட்ஸில் ஆண்டுக்கு 31 கோடித் துடிப்பு என்பதை வாங்கும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

அறிகுறி: கடைசிக் கண்ணாடியில் புள்ளிகள், அவை வளர்கின்றன

எனக்கு இதில்தான் கவலை அதிகம். இது எண்ணிக்கையோடு சேரும் சேதம்; வேகத்தைக் குறைத்தால் தள்ளிப்போகும், தீராது.

புற ஊதாக் கற்றை இலக்குக்கு முன்னால் இருக்கும் கடைசி உருக்கிய சிலிக்கா லென்ஸ் வழியாகப் போகும்போது, வெளியேறும் பக்கத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு கீறல் இருந்தால் அங்கே ஒளியை உறிஞ்சி வெடித்துக் குழியாகும். அடுத்த ஷாட்டில் அந்தக் குழியின் ஓரங்கள் இன்னும் உறிஞ்சும். ஒளிச்செறிவு ஓர் அளவைத் தாண்டியிருந்தால், குழி ஷாட்டுக்கு ஷாட் வட்டி மேல் வட்டி போல வளரும். என்.ஐ.எஃப் மையத்தில் ஷாட்டுகளுக்கு நடுவே படமெடுத்து, புள்ளி தெரிந்தால் கற்றையில் அந்த இடத்துக்கு மட்டும் நிழல் விழ வைக்கிறார்கள். பிறகு லென்ஸைக் கழற்றி, கார்பன் டை ஆக்சைடு லேசரால் குழியை உருக்கி வழவழப்பான கூம்பாக்கி, மறுபடி மாட்டுகிறார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் அவர்கள் ஓராண்டில் சுடுகிற 400 ஷாட்டை 10 ஹெர்ட்ஸ் நிலையம் 40 நொடியில் சுட்டுவிடும். 40 நொடிக்கு ஒரு முறை லென்ஸ் கழற்ற முடியாது.

அதனால் இங்கே முதலில் வகை பிரியுங்கள். ஓரத்திலிருந்து ஒளியடித்து இருட்டுப் பின்னணியில் படமெடுங்கள். தனித்தனிப் பிரகாசப் புள்ளிகள் தெரிந்தால் லேசர் சேதம்: அந்த இடத்துக்கு நிழல் கொடுத்துவிட்டு ஒளிச்செறிவைக் குறையுங்கள், அதாவது கற்றையையும் கண்ணாடியையும் பெரிதாக்குங்கள். முழுப் பரப்பிலும் புகை படிந்தது போல இருந்தால் இலக்கின் சிதைவுகள் ஆவியாகி வந்து படிந்திருக்கின்றன: அது இலக்கைச் சுடும் அறையின் கோளாறு, கீழே வருகிறது. புள்ளியும் இல்லை, படிவும் இல்லை, ஆனால் ஊடுருவும் ஒளி மட்டும் சீராகக் குறைந்துகொண்டே வருகிறதா? நியூட்ரான்களும் காமா கதிர்களும் சிலிக்காவுக்குள் ஒளியை உறிஞ்சும் நிறமையங்களை உண்டாக்குகின்றன. லென்ஸைச் சில நூறு டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே வைத்திருந்தால் அவை உருவாக உருவாக ஆறிவிடும். லிவர்மோரின் லைஃப் என்ற மின் நிலைய வடிவமைப்பில் கடைசி லென்ஸை மெல்லிய ஃப்ரெனெல் தகடாக்கி அப்படித்தான் சூடாக வைக்கத் திட்டமிட்டார்கள்.

பச்சை நிறத்துக்கு மாறினால் கண்ணாடி நீண்ட நாள் உழைக்கும் என்று ஒரு யோசனை உண்டு. உழைக்கும். ஆனால் அலைநீளம் கூடினால் இலக்கைச் சுற்றிய பிளாஸ்மா ஒளியை அதிகம் திருப்பியடிக்கும். ஒரு கோளாறை இன்னொரு அறைக்கு மாற்றிவிட்டு அதைத் தீர்வு என்று எழுதாதீர்கள்.

அறிகுறி: லேசர் எல்லாம் சரி, விளைச்சல் (வெளிவரும் இணைவு ஆற்றல்) மட்டும் ஷாட்டுக்கு ஷாட் குதிக்கிறது

இப்போது இலக்கைப் பாருங்கள். ஒற்றை ஷாட்டில் இலக்கை ஒரு தண்டில் பிடித்து, நிதானமாக நடுவில் வைக்கலாம். நொடிக்குப் பத்து என்றால் அதை எறிந்துதான் ஆக வேண்டும்.

கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இலக்கு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வருகிறது, அறையின் ஆரம் 6 மீட்டர் என்று கொள்வோம். உள்ளே நுழைந்து நடுவுக்கு வர 60 மில்லிநொடி. உலோகக் கூடு இல்லாமல் இலக்கை நேரடியாகச் சுடும் முறையில் கற்றை சுமார் 20 மைக்ரோமீட்டருக்குள் பொருந்த வேண்டும். அந்த வேகத்தில் 20 மைக்ரோமீட்டர் என்பது 200 நானோநொடி. லேசர் துடிப்பு பெருக்கிகள் வழியே 1,500 மீட்டர் பயணம் செய்வதாக இருந்தால் அதற்கே 5 மைக்ரோநொடி ஆகும். அதற்குள் இலக்கு அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஆக, இலக்கு நடுவுக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுச் சுட முடியாது. எங்கே இருக்கப்போகிறது என்று கணித்துச் சுட வேண்டும்.

விலகலை வரைபடமாகப் போடுங்கள். எல்லாத் திசையிலும் சிதறியிருந்தால் எறியும் கருவியில் கோளாறு: இலக்கைத் தாங்கி வரும் உறை பிரியும் நேரம், அப்போது இலக்குக்குக் கிடைக்கும் சின்ன உதை. ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் அறைக்குள் வாயு அடர்த்தி மாறுகிறது; கணிப்பில் போட்ட இழுவிசை பொய்யாகிவிட்டது. உருண்டையின் நிழலுக்கு நடுவே ஒளியின் அலைத்தன்மையால் ஒரு சின்னப் பிரகாசப் புள்ளி விழும். அந்தப் புள்ளியைப் பின்தொடர்ந்து இடத்தைக் கணிக்கும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. விளிம்பைப் பார்த்துக் கணிப்பதைவிட இது எனக்கு நம்பிக்கை தருகிறது.

விலகல் சரியாக இருந்தும் விளைச்சல் குறைந்தால் உருண்டைக்குள் உறைந்திருக்கும் எரிபொருளின் பனிப்படலத்தைச் சந்தேகியுங்கள். எரிபொருளான டியூட்டீரியம்-டிரிட்டியம் கலவை (ஹைட்ரஜனின் கனமான இரு வகைகள்) 19.8 கெல்வினில் உருகத் தொடங்கும். இலக்கு 18 கெல்வினை ஒட்டி வருகிறது. கையில் இருப்பது ஒன்றரை, இரண்டு டிகிரி இடைவெளி. பல நூறு டிகிரிச் சூட்டில் இருக்கும் சுவர்களுக்கு நடுவே 60 மில்லிநொடி பறக்கும்போது அதைக் காப்பாற்ற வேண்டும். மேலே ஒரு மெல்லிய உலோகப் பூச்சு சூட்டைத் திருப்பியடிக்கும். உலோகக் கூட்டுக்குள் வைத்து எறியும் முறையில் அந்தக் கூடே குடையாக இருக்கும். அதற்கு ஈடாக ஒவ்வொரு ஷாட்டுக்கும் கூடுதல் உலோகம் அறைக்குள் ஆவியாகும்.

பனியைச் சமப்படுத்துவதிலும் ஒரு நெருக்கடி இருக்கிறது. டிரிட்டியத்தின் கதிரியக்கச் சிதைவு வெப்பமே படலத்தைத் தானாகச் சமன் செய்யும், அழகான இயற்கை. ஆனால் அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். பத்து மணி நேரம் என்று வைத்தால், எந்த நேரமும் 3,60,000 உருண்டைகள் வரிசையில் நிற்கும். ஒன்றில் 2 மில்லிகிராம் எரிபொருள் என்றால் வரிசையில் மட்டும் ஏறத்தாழ 430 கிராம் டிரிட்டியம் முடங்கும். நுரை ஓட்டுக்குள் திரவ எரிபொருளை ஊற வைக்கும் வழியை ஆராய்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அறிகுறி: இலக்குக்குப் போகும் முன்பே கற்றை சிதறுகிறது

அறை சுத்தமாகவில்லை. ஒரு ஷாட்டுக்குப் பிறகு 6 மீட்டர் தூரச் சுவருக்கு முதலில் எக்ஸ் கதிர் வரும், 20 நானோநொடியில். 14.1 மெகா எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்கள் சுமார் 115 நானோநொடியில் வரும். ஆல்ஃபா துகள்கள் அரை மைக்ரோநொடியில், மற்ற அயனிகள் அதற்குப் பின்னால். இவை எல்லாம் ஒரு கண் சிமிட்டலுக்குள் முடிந்துவிடும். பிறகு மிஞ்சியிருக்கும் சூடான வாயுவும் உலோக ஆவியும்தான் 100 மில்லிநொடிக்குள் வெளியேற மறுக்கும்.

அடுத்த ஷாட்டுக்கு ஒரு மில்லிநொடி முன்பாக ஒரு பலவீனமான கற்றையை அறைக்குள் அனுப்பி எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்து பாருங்கள். பிறகு ஒரு ஷாட்டை விட்டுவிட்டு, 200 மில்லிநொடி கழித்து அதே அளவீடு. இரண்டும் வேறுபட்டால் அறையிலிருந்து வாயுவை வெளியேற்றும் பம்ப்புகளின் வேகம் போதவில்லை. வேறுபடாவிட்டால் எங்கோ தொடர்ந்து ஆவியாகிறது, பெரும்பாலும் சுவரிலிருந்து. லைஃப் வடிவமைப்பில் வேண்டுமென்றே செனான் வாயுவை நிரப்பி எக்ஸ் கதிரையும் அயனியையும் சுவருக்கு முன்பே தடுக்க நினைத்தார்கள். அங்கே இந்தச் சோதனையின் அடிப்படை அளவு வெற்றிடத்தினுடையதல்ல, செனானுடையது.

ஹைலைஃப்-2 போன்ற வடிவமைப்புகளில் உருகிய லித்தியம்-பெரிலியம் ஃப்ளோரைடு உப்பின் தாரைகளே சுவர். ஆடும் குழாய்முனைகள் ஷாட்டைச் சுற்றி ஒரு திரவக் குகையை உண்டாக்கும், நொடிக்கு ஆறு முறை. திரவம் சேதமடையாது. ஆனால் ஒரு துளி கற்றையின் பாதையில் தங்கினாலும் அந்தக் கற்றை போய்விடும். எனவே அங்கே தேட வேண்டியது ஆவியைவிடத் துளிகளை.

திடச் சுவராக இருந்து அறையில் உலோகத் தூசு சேர்ந்தால் டங்ஸ்டன் பூச்சைச் சோதியுங்கள். பாய்ந்த ஹீலியம் மேற்பரப்புக்குக் கீழே சில மைக்ரோமீட்டர் ஆழத்தில் சிக்கிக் குமிழாகி, செதில் செதிலாக உரிக்கும்.

அறிகுறி: கேமராக்கள் வெள்ளையாகின்றன, தானாக ட்ரிகர் (கருவியைத் தொடங்கும் சமிக்ஞை) விழுகிறது

மின்காந்தத் துடிப்பு. ஒற்றை ஷாட்டில் கருவியை மறுபடி தொடங்கிவிட்டுப் போகலாம். இங்கே மீள 100 மில்லிநொடிதான். ஷாட் நேரத்தைச் சுற்றிச் சில மைக்ரோநொடி ட்ரிகர் உள்ளீட்டை மூடி வையுங்கள், செப்புக் கம்பியை ஒளியிழையாக மாற்றுங்கள். அப்படியும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிழை வந்தால் நியூட்ரான்கள் நினைவகத்தைப் புரட்டுகின்றன. மின்னணுக் கருவியைச் சுவருக்குப் பின்னால் நகர்த்த வேண்டும்.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, வெளியே மின்சாரம் வரவில்லை

2022-ன் அந்த ஷாட்டுக்கு லேசர் எடுத்துக்கொண்ட மின்சாரம் சுமார் 300 மெகாஜூல். நிலையத்துக்கு இப்படிக் கணக்கிடுங்கள்: 2 மெகாஜூல் லேசர், 10 ஹெர்ட்ஸ் என்றால் 20 மெகாவாட் ஒளி. லேசரின் திறன் 10 சதவீதம் என்றால் 200 மெகாவாட் மின்சாரம் உள்ளே. இலக்கு 100 மடங்கு திருப்பித் தந்தால் 2,000 மெகாவாட் இணைவு ஆற்றல். 40 சதவீதம் மின்சாரமானால் 800 மெகாவாட். கால்பங்கு லேசருக்கே திரும்பிப் போகும். லேசரின் திறன் 2 சதவீதமாக இருந்தால் 800-க்கு 1,000 கேட்கும். குளிர்விக்கும் ஹீலியத்தை ஓட்டும் மின்சாரத்தையும் லேசர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அறிகுறி: டிரிட்டியம் இருப்பு குறைகிறது

மேலே சொன்ன நிலையம் நாளுக்குச் சுமார் 300 கிராம் டிரிட்டியத்தை எரிக்கும். உருண்டையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எரிவதால் ஏறத்தாழ 700 கிராம் எரியாமல் பம்ப்புகள் வழியே திரும்பி வரும். எரிந்ததை அறையைச் சுற்றியிருக்கும் லித்தியம் போர்வையில் நியூட்ரான்கள் புதிதாக உண்டாக்க வேண்டும். இருப்பு குறைந்தால் உடனே போர்வையைக் குற்றம் சொல்லாதீர்கள். முதலில் பனி வரிசையில் நிற்கும் உருண்டைகளை எண்ணுங்கள். அப்புறம் பம்ப்புகளில் தங்கியது, சுவர் உறிஞ்சியது, உப்பில் கரைந்தது. இதற்கெல்லாம் முன்னால் சிதைவைக் கழித்துவிடுங்கள்: அரை ஆயுள் 12.3 ஆண்டு என்பதால் ஒரு கிலோ இருப்பில் நாளுக்குச் சுமார் 150 மில்லிகிராம் தானாகவே ஹீலியம்-3 ஆகிவிடும். அந்த அளவு குறைந்தால் அது கசிவு அல்ல.